யன்னலுக்கு மறியல்

நாடு விட்டு வந்து மோர்னிங்சைட்டில் நாங்கள் வாங்கிய வீடு என்னுடைய பெயரில் இருந்தது. இதைக் கேட்டுவிட்டு என்னைப் பெரிய வீட்டுக்காரி என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். என் கணவருக்கு அப்போது ஏழரைச் சனி. அவருடைய பெயரில் காணி பூமி வாங்கினால் நிலைக்காது என்று ஊரிலிருந்து சாத்திரியார் எழுதி அனுப்பியிருந்தார். என் சாதகத்தில் நாலாம் இடம் பலமாம், பூமி யோகம் இருக்கிறதாம். அதனால் கையெழுத்துப் போடவேண்டிய இடமெல்லாம் நான் போட்டேன். வழக்கறிஞரின் கந்தோரில் இருந்த பெண் எழுந்து எனக்குக் கைகொடுத்து வாழ்த்தினாள். சாவியை இவர் வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் இவர் சொல்லித்தான் நடந்தது. பேஸ்மென்டில் எத்தனை அறை அடிப்பது, அடுப்பை எங்கே வைப்பது, யாரைக் குடியிருத்துவது, எல்லாம் இவர். நான் பாண் பக்ரறியில் பகல் வேலை செய்துவிட்டு வந்து சமைத்தேன். பேப்பரில் நான் வீட்டுக்காரி என்பது வரி கட்டும் கடிதம் வரும்போது மட்டும் ஞாபகம் வரும். அதையும் இவர்தான் உடைப்பார்.

இவரும் வேலைத்தலத்துச் சிநேகிதர் ஒருவரும் சேர்ந்து பேஸ்மென்டைப் பலகை அடித்து அறைகளாகப் பிரித்தார்கள். மேலே வர ஒரே ஒரு படிக்கட்டு. அதன் அடியில்தான் அடுப்பு. அடுப்புக்கான மின்சார வயரையும் அந்தச் சிநேகிதரே சுவருக்குள்ளால் இழுத்து முடிந்துவிட்டார். அவருக்கு அது தொழில் இல்லை. ஊரில் கோயில் திருவிழாக்களுக்கு லைற் கட்டிய பழக்கம் இருந்தது. அந்தத் துணிவில் செய்துவிட்டு, எங்கள் வீட்டில் இரண்டு தரம் புட்டும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

முன்னறையில் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்யும் இரண்டு பொடியன்கள் இருந்தார்கள். பின்னறையில் மட்டக்களப்புக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒஷாவாவில் காருக்கு உதிரிப்பாகம் செய்யும் பக்ரறியில் இரவு வேலை. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பகல் முழுக்க நித்திரை கொள்வார். மனைவியையும் பிள்ளைகளையும் இங்கே கூப்பிடும் அலுவல் பாதியில் நின்றது. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். என்னை அவர் தங்கச்சி என்பார். சொல்லாமலே வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு, யாரோ செய்த வேலை போலக் கீழே இறங்கிப் போவார்.

கம்பியின் கதை ஒரு கலியாணத்தில் தொடங்கியது. குடும்பத்தோடு நாங்கள் கலியாணத்துக்குப் போயிருந்த நேரம் கள்ளன் பேஸ்மென்ட் யன்னலால் இறங்கி மேலே வந்திருக்கிறான். பிள்ளைகளின் சங்கிலியும் என் காப்புகளும் போயின. தாலிக்கொடி கழுத்தில் கிடந்தபடியால் தப்பியது. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு இவருக்கு நித்திரை இல்லை. கம்பி இல்லாத யன்னலை ஒரு யன்னல் என்று சொல்லலாமா என்று கேட்டார். அதில் பிழை சொல்ல எனக்கும் வராது. யாழ்ப்பாணத்தில் கம்பி இல்லாத யன்னலை நான் கண்டதே இல்லை.

தெரிந்த ஒருவர் தன் கராஜில் வெல்டிங் வேலை செய்து வந்தார். அவரைப் பிடித்து பேஸ்மென்ட் யன்னல்கள் எல்லாவற்றுக்கும் இவர் கம்பி போடுவித்தார். நடுவில் பூவேலை வேறு. ஆணிகளைச் சீமெந்துக்குள் இறக்கி, கள்ளன் ஸ்பனர் போட்டுத் திருப்ப முடியாதபடி தலைகளை அரைத்து மொழுமொழு என்று விட்டார்கள். அந்தத் தெருவில் மற்ற வீடுகளின் யன்னல்களுக்குத் திரைச்சீலை மட்டும்தான். எங்கள் வீடு பொலிஸ் ஸ்ரேசன் போல நின்றது. இவருக்கோ பெருமை தாங்கவில்லை. வருகிற சனத்தையெல்லாம் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

கம்பி போட்ட சில நாட்களில் அண்ணை தன் யன்னலுக்குக் குறுக்கே தான் உடுக்கிற சாரம் ஒன்றைக் கட்டிவிட்டார். பகலில் நித்திரை கொள்கிறவர், வெளிச்சம் கூடாது என்று நினைத்தேன். கேட்டபோது சிரித்துக்கொண்டு சொன்னார்: "உள்ளுக்கிருந்து பாத்தா பழைய இடம் ஞாபகம் வருகுது தங்கச்சி." ஊரில் ஆமிக்காரன் பிடித்து அவரைப் பல மாதம் அடைத்து வைத்திருந்தவன் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தச் சாரத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

தீயணைப்புப் பகுதியிலிருந்து பரிசோதகர் வந்தது அடுத்த இலையுதிர் காலத்தில். பேஸ்மென்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். மெலிந்த, அமைதியான மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வீட்டுச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் என்றார். பரிசோதகர் கையிலிருந்த பேப்பரைப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பெண்ணின் பெயரல்லவா இருக்கிறது என்றார். இவர் சிரித்து, அது மனைவி, இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னார். பரிசோதகர் சிரிக்கவில்லை. என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கீழே இறங்கி அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். அண்ணையின் அறையில் சாரத்தை விலக்கி, கம்பியைப் பிடித்து ஒரு தரம் குலுக்கினார். அது அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து, நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக மெதுமெதுவாகக் கேட்டார்: படிக்கட்டடியில் நெருப்புப் பிடித்தால் இந்த அறையில் படுத்திருக்கிற மனிதர் எப்படி வெளியே போவார்? இவருக்கும் சரியாக விளங்கட்டும் என்று நான் அதைத் தமிழில் சொன்னேன். ஏன் நெருப்புப் பிடிக்கப் போகுது என்று இவர் என்னைக் கேட்டார்.

உத்தரவு என் பெயருக்கு வந்தது. எனக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வராவிட்டாலும் வாசித்தால் விளங்கும். கம்பிகளை எடுக்க வேண்டும், ஒரு ஆள் புகுந்து வெளியே வரக்கூடிய அளவுக்கு யன்னலைப் பெருப்பிக்க வேண்டும், படிக்கட்டையும் அறைகளையும் நெருப்புத் தாங்கும் சுவரால் பிரிக்க வேண்டும், புகை வந்தால் அடிக்கிற மணி பூட்ட வேண்டும், வயர் வேலையை உரியவரைக் கொண்டு பார்க்க வேண்டும். உத்தரவு சரியில்லை என்று நினைத்தால் மேலே முறையிடலாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. முறையிடாமலும் செய்யாமலும் இருந்தால் நீதவானுக்கு முன்னால் கோடு ஏறவேண்டும், குற்றவாளியானால் தண்டப்பணம், அல்லது ஒரு வருடம் வரை மறியலில் அடைப்பு, அல்லது இரண்டும்.

நான் அதை இவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினேன். இவர் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

"உவங்கள் உப்பிடித்தான் கடிதம் போடுவாங்கள்," என்றார். "யன்னலுக்கு ஆரும் மறியலுக்குப் போவினமோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உங்களுக்கு என்ன, பெயர் என்னுடையது என்றேன். விசர்க் கதை கதைக்க வேண்டாம் என்றார். கடிதத்தை மடித்து குளிர்பெட்டியின் மேலே வைத்தார்.

சும்மா இருக்க முடியாமல் அந்த வெல்டிங்காரருக்கு நானே போன் பண்ணினேன். வந்து கம்பியை வெட்டி எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். மரியாதையான மனிதர், அக்கா அக்கா என்றுதான் கதைத்தார். ஆனால் அண்ணை சொன்னால் உடனே வந்து வெட்டுகிறேன் என்றார். அவர் அண்ணை என்றது இவரை. வீடு என்னுடைய பெயரில் இருக்கிறது என்று சொன்னேன். அது சரி அக்கா, அண்ணை ஒருக்காச் சொல்லட்டும் என்றார். அதற்கு மேல் அவரோடு என்ன கதைப்பது?

பரிசோதகர் திரும்பி வருகிற நாளுக்கு முன்னால் இவர் தானே ஒரு வேலை செய்தார். கார் நிறுத்துகிற பக்கத்து யன்னலின் கம்பியை மட்டும் அரைத்து எடுத்தார். அவன் வந்தால் காரடியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்பது இவருடைய கணக்கு. பரிசோதகர் வந்து, பனிக்குள் முழங்காலில் இருந்து பின்பக்கத்து யன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, இனி அடுத்தது கோடுதான் என்று சொன்னார். கோடை காலம் வரட்டும், எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்கிறேன் என்று இவர் அவருடைய முதுகுக்குச் சொன்னார்.

கோடை வரவில்லை. மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் முற்பகல் நான் பாணைப் பைகளில் போட்டுக்கொண்டு நின்றபோது மேற்பார்வையாளர் வந்து கையைப் பிடித்தாள். வீட்டில் நெருப்பு, போகச் சொன்னாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், இவர் வேலையில், பொடியன்கள் இருவரும் கடையில். அண்ணை மட்டும்தான் வீட்டில் என்று எனக்குப் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தட்டியது. அவ்வளவு பேருக்கு முன்னால் வாய்விட்டு அழுதுகொண்டு வந்தேன்.

அடுப்புக்குப் பின்னால் சுவருக்குள் தொடங்கியிருக்கிறது. படிக்கட்டு முதலில் எரிந்திருக்கிறது. எதிர்வீட்டில் கயானாக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். புகையைக் கண்டு போன் பண்ணிவிட்டு ஓடி வந்தவள் அவள்தான். பின்பக்கத்தில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்திருக்கிறாள். அண்ணை சாரத்தைக் கையில் சுற்றிக் கண்ணாடியை உடைத்திருக்கிறார். உள்ளே இருந்து அவர் தள்ள, வெளியே பனிக்குள் இருந்து இவள் இழுக்க, கம்பி அசையவே இல்லை. பிறகு அவருடைய கை கம்பியை விட்டுவிட்டது என்று சொன்னாள். சொல்லும்போது தன்னுடைய இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து கம்பியை வெட்டித்தான் அவரை எடுத்தார்கள். வெட்டிய துண்டு பூவேலையோடு பனியில் கிடந்தது. வேலையிலிருந்து ஓடி வந்த இவர் அதைக் கண்டதும் அந்த இடத்திலேயே குந்தி இருந்துவிட்டார். இவர் அழுதது பொய்யில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். செத்தவீட்டுக்கு வேண்டிய அலுவல் முழுவதையும் முன்னின்று செய்தார். அண்ணையின் மனைவிக்கு விசா கிடைக்கவில்லை. கொள்ளி வைக்க ஆளில்லை என்றபோது முன்னறைப் பொடியன்களில் மூத்தவன் வைத்தான்.

பொலிஸ் வந்து எங்களைத் தனித்தனியாக விசாரித்தது. கடைசியில், இதில் தங்களுக்கு அலுவல் இல்லை, தீயணைப்புப் பகுதி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் கோட்டிலிருந்து அழைப்பாணை வந்தது. உத்தரவை நிறைவேற்றாத குற்றம். குற்றவாளி நான்.

நாங்கள் அப்போது விட்பியில் இவருடைய தமையன் வீட்டில் இருந்தோம். புதிதாகக் கட்டிய பெரிய வீடு. நான் அங்கிருந்து ரெயினிலும் பஸ்ஸிலும் மாறி மாறி வேலைக்குப் போய் வந்தேன். அழைப்பாணை வந்த கிழமை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காயமுதல், தமையன் கதையைத் தொடங்கினார். யாரோ தெரிந்த ஆளைக் கேட்டிருக்கிறார். இவரை மறியலுக்கு அனுப்பினால் வேலை போகும், குடியுரிமை விண்ணப்பமும் கெட்டுப்போகும் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். உண்மையோ பொய்யோ, தமையன் அதை முழுதாக நம்பினார்.

"தங்கச்சி, ரண்டு பிள்ளையளோடை ஒரு பொம்பிளையை உவங்கள் மறியலுக்கு அனுப்பமாட்டாங்கள்," என்றார். "எல்லாம் நான் தான் பாத்தனான் எண்டு சொல்லிப்போட்டு வாரும். தம்பியின்ரை பேரை இழுக்காதையும்."

நான் இவரைப் பார்த்தேன். பரிசோதகர் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் சொந்தக்காரன் என்று சொன்ன அதே மனிதர் தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த விளையாட்டு விளங்காது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பயமாக இருக்கிறது, எனக்காக இதைச் செய் என்று கேட்டிருந்தாலும் நான் ஒருவேளை செய்திருப்பேன். எனக்கு அன்று வந்த வெறுப்பு நெருப்புப் பிடித்த நாளில்கூட வரவில்லை.

வழக்குக்குச் சட்ட உதவியில் ஒரு பெண் வழக்கறிஞர் கிடைத்தார். இவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னோடு தனியாகக் கதைத்தார். யன்னலுக்குக் கம்பி போட்டது யார், சாவி யாரிடம், வாடகைக்கு ஆள் வைப்பது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்கு ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தினார். இந்தச் சட்டத்தில் சொந்தக்காரர் என்றால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் இருக்கிறவர் மட்டுமல்ல. கட்டடத்தைத் தன் கையில் வைத்து நடத்துகிறவரும் சொந்தக்காரர்தான். உனக்குத் தண்டனை வராது என்று நான் சொல்லவில்லை, ஆனால் முழுவதையும் நீ சுமக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்றார். மறியல் கிடைக்குமா என்று கேட்டேன். ஒருவர் இறந்திருக்கிறார், கிடைக்கலாம் என்றார். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. ரெயினில் விட்பிக்குத் திரும்பும்போது, நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு யார் தலை இழுத்து வாரிவிடுவது, யார் சோறு கட்டிக் கொடுப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். என்ன சொல்வதென்று முடிவெடுக்க முடியவில்லை.

மட்டக்களப்பிலிருந்து போன் வந்தது அதற்குப் பிறகுதான். அண்ணையின் மனைவி. பொடியன்களிடம் நம்பரை வாங்கியிருக்கிறார். நான் கதைத்துக்கொண்டிருந்த சமையலறையில் இவரும் இருந்தார். அண்ணையின் மனைவி அழவில்லை. அழுது முடிந்த குரல் அது. வீடு உங்களுடையது என்று சொல்கிறார்கள், உங்கள் மேல் வழக்கு என்றும் சொல்கிறார்கள் என்றார். நான் ஓம் என்றேன்.

"யன்னலுக்குக் கம்பி போட்டதும் நீங்கதானா புள்ள?"

இல்லை என்றேன்.

"அப்ப ஆரு?"

இவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் இவரைப் பார்த்துக்கொண்டே போனுக்குள் சொன்னேன்: "என்ரை மனுசன்."

அதை அவர் பக்கத்தில் யாருக்கோ திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு அவர் கேட்டார்: "அத கோட்டிலயும் சொல்லுவீங்களா?"

சொல்லுவேன் என்றேன். போனை வைத்ததும் இவர் எழுந்து மேலே போய்விட்டார்.

கோடு என்றால் பெரிதாக ஏதோ நினைத்திருந்தேன். அது வேகமாகக் கார் ஓட்டியவர்களும் சிவப்பு விளக்கில் நிற்காதவர்களும் வருகிற இடம். எனக்கு முன்னால் நாய்க்கு லைசன்ஸ் எடுக்காத ஒருவரைக் கூப்பிட்டார்கள். பச்சைப் பட்டியைத் தோளுக்குக் குறுக்கே போட்ட நீதவான் அவரை முடித்துவிட்டு அதே குரலில் என் பெயரை வாசித்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றேன். கையெழுத்து என்னுடையது, அதில் எனக்கு வழக்காட ஒன்றும் இல்லை. ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். பின்வரிசை வாங்கில் இவரும் தமையனும் இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றபடியால் நான் தமிழிலேயே சொன்னேன்.

"வீடு என்ரை பேரிலை. கம்பி போட்டது என்ரை மனுசன். கழட்டச் சொல்லி நான் சொன்னனான். அவர் கழட்டேல்லை."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் பின்னால் திரும்பி அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். அரச தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஏதோ கேட்டார். சுவரோரம் நின்ற பரிசோதகர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தண்டப்பணமும், குறித்த காலம் எந்தப் பிழையும் விடாமல் இருக்க வேண்டும் என்ற கட்டளையும் கிடைத்தன. மறியல் இல்லை. அங்கே ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோடை தொடங்க இவர் மேல் வழக்கு வந்தது. இவர் ஒப்புக்கொள்ளவில்லை. உறுதியில் என் பெயர் இல்லை, எனக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுவித்தார். வெல்டிங்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கம்பி போடச் சொன்னது யார் என்று கேட்க, அண்ணை என்றார். மனைவி எடுக்கச் சொல்லிப் போன் பண்ணினாரா என்று கேட்க, ஓம் என்றார். பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். அந்த மனிதர் இதில் என்ன கேள்வி என்பதுபோல முழித்துவிட்டு, "அண்ணை சொல்லேல்லையே," என்றார். பொய் சொல்லத் தெரியாத அந்த ஆளின் வாயால்தான் இவருடைய வழக்கு முடிந்தது. அடுத்த சாட்சி நான். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன்.

சில கிழமை மறியலும் தண்டப்பணமும் இவருக்குத் தீர்ப்பாயின. கூட்டிக்கொண்டு போகும்போது இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். யன்னலுக்காக ஒருவரை உண்மையாகவே உள்ளே போடுகிறார்கள் என்பதை அப்போதுதான் நம்பத் தொடங்கியவரைப் போல இருந்தார். தமையன் என்னைத் தாண்டிப் போய்க் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பஸ் பிடித்தேன்.

சனம் கதைத்தது. புருஷனை மறியலுக்கு அனுப்பினவள் என்று எனக்குப் பெயர் வந்தது. கலியாண வீடுகளில் என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிக் கதைத்தார்கள். சிலர் நேரே வந்து, நீர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றார்கள். எதைப் பொறுத்திருக்கலாம் என்று நான் திருப்பிக் கேட்டேன். பின்னறையில் செத்துப்போன மனிதரைப் பற்றி அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை தணியவில்லை.

தீர்ப்புச் சொன்ன கிழமையே நான் ஒரு போன் கார்ட் வாங்கி மட்டக்களப்புக்கு எடுத்தேன். சொன்னபடி கோட்டில் சொன்னேன் என்றேன். என் கணவருக்கு மறியல் கிடைத்ததையும் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். கிட்டத்தில் ஒரு பிள்ளை ஏதோ கேட்க, இரு மகன் என்று அதட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"எங்கட ஆளச் சாகக் குடுத்ததுக்குத்தானே புள்ள அவருக்கு மறியல் குடுத்த?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இரண்டு வழக்கிலும் வாசித்த குற்றத்தை நான் முழுவதுமாகக் கேட்டிருந்தேன். கம்பி எடுக்காதது, யன்னல் பெருப்பிக்காதது, சுவர் வைக்காதது, மணி பூட்டாதது, வயர் பார்க்காதது.

"இல்லை அக்கா," என்றேன். "உத்தரவு போட்ட கடிதத்தை மதிக்காததுக்கு."

கார்டில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கடிதத்தில எங்கட ஆள்ர பேரு இரிக்கா?"

"இல்லை," என்றேன். "வீட்டு நம்பரும் என்ரை பேரும் தான் இருக்கு."